ஜீவாவின் வண்டி சார்ஜ் ஆகிறது

சாக்கன், புனே
9.6.2025

அண்ணிக்கு,

மதிவதனி எழுதுவது. அண்ணன் காரியத்தன்று நடந்த சண்டைக்குப் பிறகு என் நம்பரை உங்கள் போனில் தடுத்து வைத்திருக்கிறீர்கள். நைனாவின் போனுக்குப் போட்டால் எடுக்கிறார், ஆனால் பேச மூச்சு வருவதில்லை. "ம்... ம்..." என்பதோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் தபால். இங்கே தபாலாபீஸ் எங்கே என்று கேட்டபோது கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் அந்த எலெக்ட்ரிக் கார் வாங்கியபோது அதற்கான ஆப்பை அவன் போனில் போட்டுக் கொடுத்தது நான். என் போனிலும் போட்டுக்கொண்டேன். அவனுக்கு ஏதாவது புரியாவிட்டால் இங்கிருந்தே பார்த்துச் சொல்லலாம் என்று. அது இன்னும் என்னிடம் இருக்கிறது. தினமும் விடியற்காலையில், நம் வெள்ளானூர் வீட்டு வாசலில் வண்டி சார்ஜ் ஏறுவதாக அதில் காட்டுகிறது.

வண்டியை யாருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்? யார் ஓட்டுகிறார்கள்?

அண்ணன் இருந்த கடைசி மாதங்களில் வீட்டில் சார்ஜ் போடவே கூடாது என்று சொன்னவர் நீங்கள். அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான். "ஊட்ல போடக் கூடாதுன்னுட்டா உங்க அண்ணி. நான் பூந்தமல்லி போய்ப் போட்டுகினு வரேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். காலையில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கிவிட்டு மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுப் படுக்க வேண்டியவன், எங்கோ சார்ஜ் போடும் இடத்தில் வரிசையில் நின்று, வண்டிக்குள்ளேயே தூங்கி, அப்படியே போய்விட்டான். வீட்டில் படுத்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தமாவது போட்டிருப்பான். யாருக்காவது கேட்டிருக்கும். இதைத்தான் அன்றைக்கு எல்லார் எதிரிலும் உங்களிடம் கேட்டேன். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. இப்போதாவது பதில் எழுதுங்கள்.

அவனுக்குக் கிடைக்காத கரண்ட் இப்போது யாருக்குப் போகிறது?

மதிவதனி

*

வெள்ளானூர்
18.6.2025

மதிவதனிக்கு,

கடிதம் வந்தது. எனக்கு உன்னைப் போல எழுத வராது. கார்மென்ட்ஸ் கம்பெனியில் சட்டைக் காலரைப் பார்த்துத் தள்ளுகிற வேலைக்கு எழுத்து தேவைப்படவில்லை.

வண்டியை யாரும் ஓட்டவில்லை. உங்கள் அண்ணனோடு வண்டி ஓட்டிய தினகரன்தான் அன்றைக்கு அதைப் பூந்தமல்லியிலிருந்து கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். நின்றது நின்றபடி இருக்கிறது. அதன் அடியில் ஒரு பூனை குட்டி போட்டது. பிறகு குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போயும்விட்டது. அவ்வளவு நாளாக அசையவில்லை.

சார்ஜ் வயரைச் சொருகச் சொன்னது மாமா. "சும்மா உட்டா பேட்டரி செத்துப்பூடும், சொருவி வையி" என்றார். பிள்ளையைப் பறிகொடுத்தவர் கேட்கிறார், என்ன சொல்வது. சொருகி சுவிட்சைப் போட்டேன். அப்போது ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் விடியற்காலை பால் வைக்க எழுந்தேன். வாசலில் 'டக்' என்று ஒரு சத்தம். காரிலிருந்து ஒருவர் இறங்கிக் கதவைச் சாத்தினால் எப்படிக் கேட்கும், அந்த மாதிரி. பின்னாலேயே ஃபேன் ஓடுகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். வண்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆள் யாரும் இல்லை. சிறிது நேரத்தில் தானாக நின்றுவிட்டது. அன்றிலிருந்து தினமும் வருகிறது. உங்கள் அண்ணன் வேலைக்குக் கிளம்ப எழுந்திருக்கிற நேரத்துக்கு வருகிறது.

நீ கேட்காத இன்னொன்றையும் எழுதுகிறேன். மாமாவின் ஆக்சிஜன் மிஷின் அந்த நேரத்தில் நின்றுபோகிறது. நான் வாசலைப் பார்த்துவிட்டு உள்ளே வரும்போது அது அணைந்து கிடக்கிறது. மாமாவின் உதடு கருநீலமாக இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் ஓடுகிறது, ஒரு கோளாறும் இல்லை. கேட்டால், "எனக்கு இன்னா தெரியும், நான் தூங்கிகினு இருந்தேன்" என்கிறார். தினமும் இல்லை. ஆனால் பல நாள்.

பக்கத்து வீட்டு கலைவாணி அக்கா சொல்வதை எழுதக் கை வரவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகத்தான் பிள்ளை வந்து நிற்கிறான் என்கிறாள்.

எனக்குப் பயமில்லை என்று எழுதத்தான் பார்த்தேன்.

நாகவல்லி

*

சாக்கன்
27.6.2025

அண்ணிக்கு,

கலைவாணி அக்காவை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லுங்கள்.

இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. வண்டியில் சார்ஜ் ஏற வேண்டிய நேரத்தை நாமே வைத்துவிடலாம். வயர் சொருகியிருந்தால் அந்த நேரம் வந்ததும் அதுவே ஆரம்பித்துக்கொள்ளும். வாங்கின புதிதில் வீட்டில்தானே போட்டுக்கொண்டிருந்தான், கிளம்புவதற்குள் நிரம்பட்டும் என்று விடியற்காலைக்கு வைத்திருக்கிறான். பூந்தமல்லிக்குப் போக ஆரம்பித்ததும் அது வேலை செய்யவில்லை. வெளியில் போடும்போது இந்த நேரக்கணக்கு பொருந்தாது. இப்போது மறுபடியும் வீட்டில் சொருகியதும் முழித்துக்கொண்டது. ஓட்டாத வண்டி, பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, அதனால் சீக்கிரம் நின்றுவிடுகிறது. 'டக்' என்பது உள்ளே கரண்ட் இணைகிற சத்தம். அண்ணன் ஒரு தடவை சொல்லிவைத்ததை அது இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. வேறொன்றுமில்லை.

மிஷின் நிற்பதுதான் பெரிய விஷயம். கார், மிஷின், உங்கள் மோட்டார் எல்லாம் ஒரே லைனில் இருந்தால் டிரிப் ஆகத்தான் செய்யும். மூச்சுக்குத் திணறுகிற மனிதரை வைத்துக்கொண்டு இதைக்கூடப் பார்க்காமல் இருக்கிறீர்களே! எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கொடுத்திருக்கிறீர்களா? வயர் சூடாகிறதா? எர்த் இருக்கிறதா? நல்ல எலெக்ட்ரீஷியனை உடனே கூப்பிடுங்கள். கரண்ட் போனால் அந்த மிஷின் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துமே. அதுகூடவா உங்கள் காதில் விழவில்லை?

விடியற்காலை நேரத்தை நான் இங்கிருந்தே ஆப்பில் எடுத்துவிடுகிறேன். நீங்கள் வயரைக் கழற்றிவிடுங்கள்.

நைனாவை என்னோடு கூட்டி வந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் பொறுப்பில் ஒருவரை விட்டது போதும்.

மதிவதனி

*

வெள்ளானூர்
8.7.2025

மதிவதனிக்கு,

எலெக்ட்ரீஷியன் வந்தார். சரண் என்று, ஆவடியிலிருந்து. காருக்குத் தனி வயர், தனி சுவிட்ச், எர்த் எல்லாம் உங்கள் அண்ணன் ஆரம்பத்திலேயே போட்டுவைத்திருக்கிறார், ஒரு குறையும் இல்லை என்றார். டிரிப் ஆகவும் இல்லை. நீ எழுதினாயே, மிஷின் கத்தும் என்று, அதையே அவரும் கேட்டார். கத்தவில்லை என்றேன். "அப்டின்னா கரண்ட் போவலக்கா. யாரோ கையால ஆஃப் பண்ணிகீறாங்க" என்றார். வீட்டில் நானும் மாமாவும்தான். சொல்லிவிட்டு அவரே வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

வயரைக் கழற்றச் சொன்னாய். கழற்றினேன். மாமா அன்று முழுவதும் சாப்பாட்டைத் தொடவில்லை. மறுபடி சொருகிய பிறகுதான் கஞ்சி குடித்தார். நீ நேரத்தை எடுத்துவிடுகிறேன் என்றாய். எடுக்கவில்லை. இன்று காலையும் வந்தது.

இப்போது எழுதப்போவதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் கடைசி வரி எழுத வைக்கிறது.

ஃபவுண்டரி மணலை வாழ்நாளெல்லாம் மூச்சில் இழுத்தவர் மாமா. மார்கழியில் ஆஸ்பத்திரியிலிருந்து மிஷினோடு அழைத்து வந்தோம். அதுவரைக்கும் வண்டி வீட்டில்தான் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. மிஷின் வந்த சில நாளில், ஒரு விடியற்காலை, வண்டியும் மிஷினும் ஓடிக்கொண்டிருந்தபோது நான் தெரியாமல் மோட்டாரைப் போட்டேன். வீடே இருண்டது. நம் வீட்டுக்கு வருகிற கரண்ட் அவ்வளவுதான். இரண்டு விளக்குக்கும் ஒரு ஃபேனுக்கும் என்று அந்தக் காலத்தில் வாங்கியது. மிஷின் கத்தியது. இருட்டில் மெயின் பெட்டியைத் தேடி உங்கள் அண்ணன் ஓடினார். அதற்குள் மாமாவுக்குக் கண் சொருகிவிட்டது. அவரை மடியில் போட்டுக்கொண்டு உங்கள் அண்ணன், "நைனா, இழு நைனா, இழு" என்று கத்திய சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

அப்புறம் அடுப்பங்கரையில் நின்று நான்தான் சொன்னேன், இனி வண்டியை இங்கே போட வேண்டாம் என்று. மோட்டாரை மட்டும் நிறுத்தினால் போதாதா என்று கேட்பாய். என்றைக்காவது மறந்து யாராவது எதையாவது போடுவோம். அவர் மறுபேச்சு பேசவில்லை. "சரி நாகு, வெளியவே போட்டுக்கிறேன். ஆனா நைனாவுக்குத் தெரியக் கூடாது. அதால நான் அலையிறேன்னு தெரிஞ்சா மூக்குல கீறதப் புடுங்கிக் கடாசிடும்" என்றார். உன்னிடம் சொன்னால் போனில் மாமாவிடம் உளறிவிடுவாய் என்று, "பழிய உம்மேல போட்டுக்கிறேன், கோச்சுக்காத" என்றும் சொல்லிச் சிரித்தார். கூடுதல் கரண்டுக்கு மனு கொடுத்தார். கொடுத்த வாரமே அவர் இல்லை.

காரியத்தன்று நீ கேட்டபோது ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமா மூச்சுக்காகத்தான் என்று. மாமா உன் பக்கத்து நாற்காலியில், மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டுமா? நீயே சொல்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. அன்று பூந்தமல்லியில் சார்ஜ் முடிந்து நெடுநேரமாகியும் வண்டியை எடுக்கவில்லை என்று அடுத்து நின்றவர் வந்து வயரைப் பிடுங்கப் பார்த்திருக்கிறார். வண்டி பூட்டியிருந்தால் அது கையோடு வராதாம். கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். தூங்குகிறார் என்று விட்டுவிட்டு டீக்கடைக்குப் போயிருக்கிறார். அங்கே எல்லாரும் சீட்டைச் சாய்த்து முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறவர்கள்தானாம். அவரைக் குறை சொல்ல முடியாது. தினகரன் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

நாகவல்லி

*

சாக்கன்
16.7.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஷிப்டுக்குப் போகிற பஸ்ஸில் பிரித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

மன்னிப்புக் கேட்டால் நீங்கள் "பரவாயில்லை" என்று எழுதுவீர்கள். அதை வாங்கிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. அதனால் கேட்காமலே விடுகிறேன்.

ஏன் நேரத்தை எடுக்கவில்லை என்று கேட்டீர்கள். ஆப்பைத் திறந்தால் முதலில் "வணக்கம், ஜீவா" என்று வரும். அவன் பெயரில் இருக்கிற கணக்குதானே. பிறகு வண்டியின் படம். அதன் கீழே சாம்பல் நிறக் கோடு. விடியற்காலையில் அந்தக் கோடு பச்சையாகும். "சார்ஜ் ஆகிறது" என்று வரும். என் அறையில் இருக்கிற பெண்கள் எழுவதற்கு முன்னால், போர்வைக்குள் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, அதற்காகக் காத்திருக்கிறேன். அது வர ஆரம்பித்ததிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அண்ணன் எழுந்துவிட்டான், பல் தேய்க்கிறான், கிளம்பப்போகிறான். கோடு சாம்பலாகிறபோது மறுபடி இறந்துபோகிறான். உங்களுக்கு பேட்டரி, எர்த் என்று பெரிதாகப் பாடம் எடுத்தேனே, அதை எழுதிய அன்று காலையும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். எடுப்பதற்கு ஒரு பொத்தான்தான். பல தடவை விரலைக் கொண்டுபோய்த் திருப்பி எடுத்துவிட்டேன்.

யார் ஓட்டுகிறார்கள் என்று முதலில் கேட்டபோது, "அவன்தான்" என்று நீங்கள் எழுதிவிடமாட்டீர்களா என்றும் ஒரு ஆசை இருந்தது. பைத்தியம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சரண் சொன்னதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கத்தாமல் நின்றது என்றால் சுவிட்சை யாரோ அமுக்கியிருக்க வேண்டும். அண்ணி, ஒரு நாள் மட்டும் வாசலுக்குப் போகாதீர்கள். வண்டி சத்தம் கேட்டால் கேட்கட்டும். நைனா படுத்திருக்கிற அறையிலேயே, அவருக்குத் தெரியாமல் உட்கார்ந்திருங்கள். யாரைப் பார்த்தாலும் எனக்கு எழுதுங்கள். யாரைப் பார்த்தாலும்.

உங்கள் மதி

*

வெள்ளானூர்
26.7.2025

மதிக்கு,

உட்கார்ந்திருந்தேன். பீரோவுக்குப் பக்கத்தில், தரையில், புடவையை இழுத்து மூடிக்கொண்டு. மிஷின் அதுபாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. மாமா கண்ணை மூடியிருந்தார். ஆனால் தூங்கவில்லை என்று தெரிந்தது. தூங்கினால் அவர் வாய் திறந்திருக்கும்.

வாசலில் 'டக்' என்றது.

மாமா கண்ணைத் திறந்தார். "வந்துட்டியா?" என்றார். மெதுவாக, பக்கத்தில் இருக்கிறவரிடம் கேட்பது போல. கதவுப் பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை. மாமா ஒரு கையை ஊன்றி எழுந்தார். மறுகையை நீட்டி மிஷினின் சுவிட்சை அமுக்கினார். சத்தம் நின்றது. வாசலில் வண்டியின் ஃபேன் மட்டும் கேட்டது. மாமா மறுபடி படுத்துக்கொண்டு, மீனைத் தரையில் போட்ட மாதிரி வாயால் காற்றை இழுத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

நான் பாய்ந்துபோய் சுவிட்சைப் போட்டேன். "இன்னா மாமா பண்றீங்க!" என்று கத்தினேன்.

அவர் திடுக்கிடவில்லை. "அத்த அணை. அவன் வண்டி ஏறட்டும்" என்றார்.

"அவரு இல்ல மாமா."

"தெரியும்மா. நான்தானே கொள்ளி வெச்சேன்."

"அப்புறம் இன்னாத்துக்கு..."

மூச்சு வாங்க வாங்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அன்னிக்கு அடுப்பாண்ட நின்னுகினு நீயும் அவனும் பேசிகினு இருந்தீங்களே. எனக்கு மூச்சுதான் நின்னுச்சு, காது நிக்கல. எல்லாம் கேட்டுச்சு. நான் அப்பவே மூக்குல கீற இந்தக் கயித்தக் கழட்டிப் போட்டிருக்கணும். புள்ள மூஞ்சியப் பாத்துட்டு, சரி, இன்னும் நாலு நாளு இருந்துட்டுப் போவோமேன்னு ஆச வந்துடுச்சு. அவன் வெய்யில்ல போய் நின்னான். நான் இங்க படுத்துகினு அவன் கரண்ட்ட குடிச்சிகினு இருந்தேன்."

மதி, அவருக்குத் தெரியக் கூடாது என்று காரியத்தன்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உன்னிடம் அவ்வளவும் வாங்கிக்கட்டிக்கொண்டேன். அவர் எல்லாம் தெரிந்துகொண்டேதான் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறார். உன்னைத் தடுக்கவும் தெம்பில்லை, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு அந்தப் பந்தலில் இருந்திருக்கிறோம்.

"காலீல அது வரும்போது மட்டும்தாம்மா. அது ஏறி முடியற வரைக்கும்தான். உட்டுக் குடுக்கறேன்" என்று என்னிடம் கெஞ்சினார். பிள்ளைக்கு சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவைக்கிற மாதிரி கேட்டார்.

நான் மாட்டேன் என்றேன். ஆனால் எத்தனை விடியற்காலை நான் காவல் இருக்க முடியும்? ஷிப்ட் பஸ் எனக்காக நிற்காது. வயரைப் பிடுங்கினால் சாப்பிட மாட்டார். நீதான் செய்ய வேண்டும். உனக்கு அது எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

உன் நம்பரைத் தடுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் இரண்டு நாள் கழித்துக் கூப்பிடு. இப்போது பேசினால் அழுகைதான் வரும்.

நாகு

*

சாக்கன்
2.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

செய்துவிட்டேன்.

கடிதம் வந்த அன்றே செய்ய முடியவில்லை. ஒரே ஒரு காலை மட்டும் என்று கேட்டுக்கொண்டேன். பிறகு நைனா அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைத்ததும், போர்வைக்குள் எனக்கே மூச்சு முட்டியது. அந்தப் பச்சைக் கோட்டுக்கு அவர் என்ன கொடுத்துக்கொண்டிருந்தார் என்று தெரியாமல் நான் அதை ஆசையாகப் பார்த்திருக்கிறேன், அண்ணி. அவன் எழுந்தான், பல் தேய்த்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் இவர் காற்றில்லாமல் கிடந்திருக்கிறார்.

அது கேட்டது: "இந்த நேரத்தை நிச்சயமாக நீக்கவா?" ஆம் என்பதை அமுக்கினேன். நீக்கியாகிவிட்டது என்று ஒரு வரி வந்தது. அதற்கு என்ன தெரியும்.

இன்று விடியற்காலை வழக்கம்போல முழிப்பு வந்தது. திறந்தேன். கோடு சாம்பலாகவே இருந்தது. வெளிச்சம் வரும்வரை பார்த்தேன். அது மாறவே இல்லை. எழுந்து போய் முகம் கழுவினேன். தண்ணீர் பிடிக்க வந்த பெண், "ஊரில் யாராவது தவறிவிட்டார்களா?" என்று இந்தியில் கேட்டாள். ஆமாம், என் அண்ணன் என்றேன். எப்போது என்று கேட்டாள். இன்று காலை என்று வாயில் வந்துவிட்டது.

பதினைந்தாம் தேதியை ஒட்டி லீவு போட்டிருக்கிறேன். நைனாவிடம் நானே பேசுகிறேன். அதுவரைக்கும் சத்தம் வரவில்லையே என்று கேட்டால் பொய் எதுவும் சொல்லாதீர்கள். நாம் சொன்ன பொய்கள் போதும்.

மதி

*

வெள்ளானூர்
21.9.2025

அன்புள்ள மதிக்கு,

போனில் தினமும் பேசுகிறோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். மாமா பக்கத்திலேயே இருக்கிறார். அவர் காது எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரிந்துவிட்டதே.

நீ வந்துபோன பிறகு கொஞ்ச நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மிஷினை அணைக்கவில்லை. ஆனால் அது தன் மூக்கில் இருப்பதே தெரியாத மாதிரி இருந்தார். உன் அண்ணன் கேட்ட கூடுதல் கரண்ட் போன வாரம் வந்தது. புது மீட்டர் வைக்க வந்தவர்கள், "ஜீவா யாருங்க?" என்று வாசலில் நின்று கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து மாமா, "எம்புள்ள" என்றார். உரக்க. அவ்வளவு மூச்சு எங்கிருந்து வந்ததோ.

அவர்கள் போன பிறகு, பட்டப்பகலில், வண்டியைச் சார்ஜில் போட்டேன். மிஷினைப் போட்டேன். மோட்டாரையும் கிரைண்டரையும் போட்டேன். எல்லாம் சேர்ந்து வீடு அதிர்ந்தது. விளக்கு மங்கக்கூட இல்லை. "பாருங்க மாமா, யாரும் யாருக்கும் உட்டுக் குடுக்க வேணாம்" என்றேன். மாமா விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது மட்டும் மார்கழியில வந்திருந்தா..." என்று தொடங்கினார். மோட்டாரை அணைத்தேன். மேல்தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

மறுநாள், "அவன் படுத்துகினு இருந்த எடத்தக் காட்டு" என்றார்.

தினகரன் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பதைச் சொன்னேன் இல்லையா. கிளட்ச் இல்லாததால் பழகிவிட்டது. லைசென்ஸும் வந்துவிட்டது. ஆனால் லேஅவுட்டுக்குள்தான் சுற்றுவேன். நேற்று சனிக்கிழமை, ரோடு காலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மாமாவை முன்சீட்டில் உட்கார வைத்து, சின்ன சிலிண்டரைப் பையில் போட்டு மடியில் வைத்து, பூந்தமல்லிக்கு ஓட்டினேன். ரோடு காலியாக இல்லை. ஆவடியைத் தாண்டுவதற்குள் எனக்கு முதுகு நனைந்துவிட்டது.

அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, மதி. தகரக் கூரை, அதன் கீழே நான்கு சார்ஜ் மிஷின், ஓரத்தில் டீக்கடை. ஒன்று வேலை செய்யவில்லை என்று அட்டை தொங்கியது. வெய்யில் அனலாக அடித்தது. வெறுமனே நிற்கக் கூச்சமாக இருந்ததால் நானும் சார்ஜ் போட்டேன். அந்த வயர் எவ்வளவு கனம் தெரியுமா! இரண்டு கையாலும் தூக்கிச் சொருகினால், சரியாகப் பொருந்தவில்லை என்று சொல்கிறது. எடுத்து மறுபடி சொருகு என்கிறது. போனைக் காட்டு என்கிறது. போனைக் காட்டினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இத்தனையும் தினமும் செய்துவிட்டு வந்து, வீட்டில் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறார் அந்த மனிதர். ஒருநாள் கூட எனக்குச் சொல்லவில்லை.

நிமிர்ந்து பார்க்கிறேன், மாமா வண்டியில் இல்லை.

சிலிண்டரை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்து வண்டியருகே நின்றுகொண்டிருந்தார். உள்ளே டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மாமா கண்ணாடியைத் தட்டினார். அந்த ஆள் துண்டை விலக்கிப் பார்த்து, கண்ணாடியை இறக்கினார்.

"இன்னா பெருசு? வண்டிய எடுக்கணுமா?"

"வேணாம் நைனா. ஒண்ணியும் இல்ல. நீ தூங்கு."

அவர் மாமாவின் மூக்குக் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ முணுமுணுத்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றினார். மாமா அடுத்த வண்டிக்கு நகர்ந்தார். நான் ஓடிப்போய்ச் சிலிண்டரை வாங்கிக்கொண்டேன். "வாங்க மாமா, திட்டப்போறாங்க" என்று கையைப் பிடித்தேன். கேட்கவில்லை. குழாய் நீளம் கொஞ்சம்தான், அவர் போகிற பக்கமெல்லாம் நானும் பின்னாலேயே போக வேண்டியிருந்தது.

கடைசி வண்டியில் இருந்தவர் எழுந்திருக்கவில்லை.

மாமா தட்டினார். மறுபடி தட்டினார். முகத்தில் துண்டு. உடம்பு அசையவில்லை. "டேய்" என்றார் மாமா. "டேய், எழுந்திரிடா." இரண்டு கையாலும் கண்ணாடியில் அடிக்க ஆரம்பித்தார். எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை, மதி. சிலிண்டரைத் தரையில் வைத்துவிட்டு நானும் அடித்தேன். கதவை இழுத்தேன். பூட்டியிருந்தது. "அண்ணா! அண்ணா!" என்று கத்தினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அந்த ஆள் துள்ளி எழுந்தார். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறார். கதவைத் திறந்து, "இன்னா ஆச்சு? இன்னா ஆச்சும்மா? எங்க நெருப்பு?" என்று பதறினார். மாமா குனிந்து, கையை நீட்டி, அவர் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்து அப்படியே நின்றார். அந்த ஆளுக்கு உன் அண்ணன் வயசுதான் இருக்கும். முதலில் மிரண்டு பார்த்தார். பிறகு மாமா முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, கையைத் தட்டிவிடாமல், மாமா எடுக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நாகு